உயிர் என்பது பொருளா? வேலையா?

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உயிர் என்பதாகும். இதைப்பற்றிப் பேசுவதற்கு நாம் பெரிய கல்விச்சாலையில் படித்துப் பட்டம் பெற்றவரல்ல. ஆனால், உயிரைப்பற்றி இதுவரை நமக்குச் சொல்லிவந்தவர்களும் அப்படிப் படித்துச் சொன்னவர்களல்ல. அவர்கள் ஒரு விதையை ஊறவைத்துப் பார்த்தவர்களல்ல. ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தவர்களல்ல. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். நாமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். இன்று ஒரு மணி நேரம் கண்ணைத் திறந்துகொண்டு பார்ப்போம் என்பதுதான் நமது வேண்டுகோள்.

நமக்குச் சொல்லப்பட்டிருப்பது என்ன? உடம்பு என்பது ஒரு கூடு என்றும், உயிர் என்பது அதற்குள் வந்து குடியிருக்கும் ஒரு பொருள் என்றும், அது கருவில் நுழைகிறதென்றும், சாகும்போது வெளியேறுகிறதென்றும், பிறகு கர்மபலனுக்குத் தக்கபடி வேறு கூட்டைத் தேடிப் போகிறதென்றும் சொல்லப்பட்டிருக்கிறது. இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு போவதற்கு ஒருவன் எருமைமேல் கயிற்றோடு வருகிறான் என்பதும், போன பொருளுக்குப் பிண்டமும் தண்ணீரும் அனுப்பிவைக்க இங்கே ஒரு கூட்டம் இருக்கிறதென்பதும், அனுப்பும் கூலியை மாத்திரம் இங்கேயே ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டுமென்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

இது உண்மையானால் நாம் சில சாதாரணக் கேள்விகளைக் கேட்க விரும்புகிறோம். கொல்லையிலிருக்கும் முருங்கையை வெட்டிப் பத்துப் போத்தாக நட்டால் பத்தும் துளிர்க்கின்றன. ஒரு மரத்தில் ஓர் உயிர் இருந்ததென்றால் இப்போது பத்து உயிர் எங்கிருந்து வந்தது? இருந்த உயிர் பத்துத் துண்டாயிற்றா? அல்லது மேலுலகத்திலிருந்து ஒன்பது உயிர்கள் புறப்பட்டு, நாம் அரிவாளை ஓங்கும் நேரம் பார்த்து வந்து வேலியோரம் காத்திருந்தனவா?

இன்னொன்றும் சொல்லுகிறோம். இஸ்ரேல் நாட்டில் சாக்கடலுக்கு அருகே மஸாதா என்றொரு பழங்கோட்டை இருக்கிறது. 1960-களில் அதைத் தோண்டியபோது பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றை 2005-ம் வருஷத்தில் நட்டார்கள்; அது முளைத்து மரமாயிற்று. அந்தக் கொட்டையின் வயது சுமார் 2000 வருஷம். இந்த 2000 வருஷமும் அதன் உயிர் எங்கே இருந்தது? கொட்டைக்குள்ளேயே இருந்ததென்றால், எந்தப் பாவத்துக்காக இவ்வளவு நீண்ட சிறைவாசம்? வெளியே இருந்ததென்றால், தண்ணீர் ஊற்றினவுடன் ஓடிவரும்படி அதற்குச் சேதி சொன்னது யார்?

தோழர்களே! உயிரை ஒரு பொருள் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விகளுக்கு விடையே இல்லை. ஆனால் உயிர் என்பது பொருளல்ல, அது உடம்பு செய்யும் வேலை என்று வைத்துக்கொண்டு பாருங்கள். சிக்கல் முழுவதும் அவிழ்ந்துவிடும். விளக்கு எரிகிறது. எண்ணெயும் திரியும் காற்றும் இருக்கும்வரை சுடர் இருக்கிறது. ஒரு விளக்கிலிருந்து பத்து விளக்கு ஏற்றலாம். சுடர் பத்துத் துண்டாவதில்லை. எண்ணெய் தீர்ந்தால் சுடர் நிற்கிறது. அது எந்த லோகத்துக்குப் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அதற்குத் திதி கொடுப்பதுமில்லை. நாம் இதை வெறும் உவமானமாகச் சொல்லவில்லை. உள்ளபடியே உடம்புக்குள் நடப்பதும் ஒருவகை எரிதல்தான் என்பதை இப்போது காட்டுவோம்.

நெல் மூச்சு விடுகிறது

உயிருள்ள எதுவும் செய்யும் வேலைகள் சில உண்டு. அது ஆகாரம் தேடுகிறது, மூச்சு விடுகிறது, கழிவை வெளியேற்றுகிறது, வளர்கிறது, தொட்டால், சுட்டால், வெளிச்சம் பட்டால் அதற்குத் தக்கபடி நடந்துகொள்கிறது, தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்குகிறது. புல்லும் இதைத்தான் செய்கிறது. புலவனும் இதைத்தான் செய்கிறான். எல்லாவற்றையும் ஒரே நாளில் பேச முடியாதாகையால் மூச்சையும் சோற்றையும் மாத்திரம் எடுத்துக்கொள்ளுவோம்.

இங்கே குடியானவத் தோழர்கள் பலர் இருக்கிறீர்கள். விதைநெல்லை ஒருநாள் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோலைப் போட்டு மூடி வைக்கிறீர்கள். மறுநாள் மூட்டைக்குள் கையை விட்டால் சுடுகிறதல்லவா? அடுப்பில்லை, வெயிலில்லை, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நெல் மூச்சு விடுகிறது, அதனால் வந்தது. விதைக்குள் இருக்கும் மாவுச்சத்தைப் பிராணவாயு மெல்ல எரிக்கிறது. அதில் சூடு பிறக்கிறது. முளை வெளியே வரச் சக்தி கிடைக்கிறது. கரியமிலவாயுவும் நீரும் கழிவாக வெளியே போகின்றன.

இதை நாம் சொல்வதால் நீங்கள் நம்பவேண்டியதில்லை. இதோ மேஜைமேல் இரண்டு சீசாக்கள் இருக்கின்றன. ஒன்றில் முளைகட்டிய பச்சைப்பயறு, மற்றதில் அதே அளவு காய்ந்த பயறு. இரண்டையும் நேற்று மாலையில் காற்றுப் போகாமல் மூடிவைத்தோம். இப்போது காய்ந்த பயறுள்ள சீசாவைத் திறந்து எரியும் குச்சியை உள்ளே விடுகிறோம், எரிந்துகொண்டிருக்கிறது. முளைத்த பயறுள்ள சீசாவில் விடுகிறோம். பார்த்தீர்களா, உடனே அணைந்துவிட்டது! குச்சி எரியத் தேவையான பிராணவாயுவை இராத்திரி முழுவதும் பயறு தின்று தீர்த்துவிட்டது. காய்ந்த பயறு செத்ததல்ல. அதுவும் மூச்சு விடுகிறது. ஆனால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி அவ்வளவு மெதுவாக விடுகிறது. பேரீச்சங்கொட்டை 2000 வருஷம் தாங்கிய இரகசியமும் இந்த மாதிரியான உறக்கந்தான். தண்ணீர் பட்டதும் வேலை தொடங்கிற்று.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பப்பாளி இலைக்காம்பை விட்டு ஊதுங்கள், உறிஞ்சிவிடாதீர்கள். கொஞ்சநேரத்தில் தெளிந்த நீர் பால்போல் வெளுத்துவிடும். நம் மூச்சில் வரும் கரியமிலவாயு செய்யும் வேலை அது. முளைத்த பயறிலிருந்து வரும் காற்றும் இதே நீரை இதேமாதிரி வெளுக்கச் செய்யும். தாய்மார்களே! நீங்கள் இரவில் கரைத்துவைக்கும் இட்லிமாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அதுவும் மாவிலுள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மாவைத் தின்று விட்ட வாயுதான். வழி மாத்திரம் ஒவ்வொன்றுக்கும் வேறு. மீனுக்குச் செவுள், கரப்பான்பூச்சிக்கு விலாவில் துளைகள், மண்புழுவுக்கு ஈரத்தோல், இலைக்கு ஊசிமுனையிலும் சிறிய வாய்கள். வேருக்கும் மூச்சு வேண்டும். கத்தரிப்பாத்தியில் தண்ணீர் தேங்கினால் செடி சாவது அதனால்தான். நெல்லின் தண்டில் காற்றுக்குழல் இருப்பதால் அது தண்ணீரில் நின்று பிழைக்கிறது. சிதம்பரத்துக்கு அருகேயுள்ள பிச்சாவரத்துச் சேற்றில் சில மரங்கள் ஆணி அடித்தாற்போல் வேர்களை மேலே நீட்டிக்கொண்டிருப்பதும் மூச்சுக்காகத்தான்.

மரத்துக்குச் சோறு எங்கிருந்து வந்தது?

இனிச் சோற்றைப் பார்ப்போம். மரம் மண்ணைத் தின்று வளர்கிறதென்று நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பிறந்த வான் ஹெல்மான்ட் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். உலர்ந்த மண் 200 ராத்தல் நிறுத்துத் தொட்டியிலிட்டு, 5 ராத்தல் எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, தண்ணீர் மாத்திரம் ஊற்றிவந்தார். ஐந்து வருஷம் சென்று நிறுத்தபோது மரம் 169 ராத்தலுக்குச் சற்று அதிகமிருந்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்தான். அவர் இறந்தபின் 1648-ல் இது அச்சாயிற்று. மரம் முழுவதும் தண்ணீரே என்று அவர் முடிவு செய்தார். அம்முடிவு முழுதும் சரியல்ல. ஆனால் அதற்காக யாரும் அவரை நரகத்துக்கு அனுப்பவுமில்லை; அவர் சொன்னதை மாற்றக்கூடாதென்று தடுக்கவுமில்லை. பின்னால் வந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். அறிவுக்கும் வேதத்துக்கும் உள்ள பேதம் இதுதான்.

திருத்தியவர்களில் முதல்வர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரீஸ்ட்லி என்பவர். அவர் ஒரு பாதிரியார். ஆனால் அவர் ஜெபம் செய்து காற்றைச் சுத்தமாக்கவில்லை. 1771-ல், மெழுகுவத்தி எரிந்து அணைந்துபோன காற்றுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு புதினாக்கொத்தை வைத்தார். பத்துநாள் சென்று பார்த்தால் அதே காற்றில் மெழுகுவத்தி மறுபடியும் எரிந்தது. அடுத்தாற்போல் இன்கென்ஹூஸ் என்னும் டச்சு வைத்தியர் 1779-ல், வெயில் படும்போது மாத்திரமே, அதுவும் பச்சையான பாகங்கள் மாத்திரமே, இவ்விதம் காற்றைச் சுத்தமாக்குகின்றன என்றும், இருட்டில் செடியும் நம்மைப்போலவே காற்றைக் கெடுக்கிறதென்றும் கண்டு சொன்னார்.

ஆகவே நடப்பது என்ன? இலையிலுள்ள பச்சையம் வெயிலைப் பிடிக்கிறது. அந்த வெயிலின் சக்தியைக்கொண்டு, காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் வேர் கொண்டுவரும் தண்ணீரையும் சேர்த்துச் சர்க்கரை செய்கிறது. மிஞ்சும் பிராணவாயுவை வெளியே விடுகிறது. அந்தச் சர்க்கரைதான் மாவாகவும், நாராகவும், மரக்கட்டையாகவும் ஆகிறது. நீங்கள் வெட்டிச் சுமந்துவரும் விறகின் பெரும்பகுதி ஒருகாலத்தில் காற்றாக இருந்தது! அப்படியானால் எரு எதற்கு என்று கேட்பீர்கள். குழம்புக்கு உப்பு எதற்கோ அதற்குத்தான். அளவு கொஞ்சம், ஆனால் அதில்லாமல் காரியம் நடவாது.

மனிதன் பிராணவாயுவை இழுத்துக் கரியமிலவாயுவை விடுகிறான், செடி அதற்கு நேர்மாறாகச் செய்கிறது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். இது பாதி உண்மைதான். செடியும் நம்மைப்போலவே இரவும் பகலும் மூச்சு விடுகிறது, அது நிற்பதேயில்லை. பகலில் அது சமையலும் செய்கிறது. சமையலில் வெளிவரும் பிராணவாயு, மூச்சுக்குச் செலவாவதைவிட அதிகமாயிருக்கிறது. அதில்தான் நாம் பிழைத்திருக்கிறோம். மனிதனுக்குச் சமைக்கத் தெரியும் என்று நாம் பெருமை பேசுகிறோம். உலகத்தில் உண்மையாகச் சமைப்பது பச்சை இலையும், நீரிலுள்ள பாசியும், அவற்றைப் போன்ற சில நுண்ணுயிர்களுந்தான். நாமெல்லாம் பந்தியில் உட்கார்ந்தவர்கள்.

ஒரே அடுப்பு

பிரான்சு தேசத்து லவாசியே என்பவர் 1783-ல் லாப்லாஸ் என்பவரோடு சேர்ந்து கினிப்பன்றி என்னும் சிறு பிராணியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடற்சூட்டினால் எவ்வளவு பனி உருகிற்றென்று அளந்தார். அது விட்ட கரியமிலவாயுவின் அளவு வரும்படி கரியை எரித்தும் பார்த்தார். இரண்டு சூடும் ஏறக்குறைய ஒத்திருந்தன. மூச்சு என்பது மெதுவாக எரிவதுதான் என்று அன்றே முடிவாயிற்று.

நாம் உள்ளே இழுக்கும் காற்றில் நூற்றுக்குச் சுமார் 21 பங்கு பிராணவாயு. வெளியே விடும் காற்றில் சுமார் 16 பங்கு. குறைந்த ஐந்து பங்கும் இரத்தத்தில் ஏறி உடம்பின் ஒவ்வோர் அணுவுக்கும் போய், நாம் தின்ற சோற்றை எரிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் 100 வாட் மின்விளக்கு அளவுக்குச் சூடு விடுகிறான். இந்த எரிதல் எத்தனை படிகளில் நடக்கிறதென்பதை ஹான்ஸ் கிரெப்ஸ் என்பவர் 1937-ல் புறாவின் மார்புத்தசையைக்கொண்டு ஆராய்ந்து கண்டார். பிறகு செடிகளைச் சோதித்தபோது அவற்றிலும் அதே படிகள், அதே வரிசை! புறாவுக்கும், பட்டாணிச் செடிக்கும், மடாதிபதிக்கும், மாடு மேய்ப்பவனுக்கும் உள்ளே எரிவது ஒரே அடுப்பு. இரத்தத்தில் பிரிவு உண்டா என்றால் உண்டு. லேண்ட்ஸ்டைனர் என்பவர் 1901-ல் கண்டுசொன்ன பிரிவுகள் அவை. ஆனால் அந்தப் பிரிவுகள் எல்லா ஜாதியிலும் கலந்து கிடக்கின்றனவே தவிர, ஒரு ஜாதிக்கென்று ஒரு பிரிவு இல்லை. அக்கிரகாரத்தில் ஒருவருக்கு இரத்தம் வேண்டியிருந்தால் சேரியிலிருப்பவருடையது பொருந்தலாம். சொந்த அண்ணனுடையது பொருந்தாமலும் போகலாம்.

முனி அடித்த கிணறு

இதையெல்லாம் தெரிந்துகொள்வதால் என்ன லாபம் என்று சிலர் கேட்கக்கூடும். லாபம் இருக்கிறது. தெரியாததால் ஆள் சாகிறான்.

முதலில் ஆள் சாகாத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்கிறார்கள். பேயில்லை, மரம் விடும் கரியமிலவாயுதான் ஆளைக் கொல்லுகிறதென்று நம் பக்கத்துப் பேச்சாளர் சிலரும் சொல்லுகிறார்கள். அதுவும் தவறே. வெட்டவெளியில் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வாயு தங்குவதில்லை. நாலைந்துபேர் நெருங்கிப் படுக்கும் வீட்டில் ஒருவர் மூச்சால் ஒருவர் சாவதில்லையே! பேயை ஓட்டுவதற்காகப் பொய்யைக் கொண்டுவந்து வைப்பது நம்முடைய வேலையல்ல.

ஆனால் காற்று ஓடாத இடத்தில் கதை வேறு. மூடிய தானியக்குழியில் நெல் மூச்சு விட்டுக்கொண்டேயிருக்கிறது. மேஜைமேல் சீசாவில் நடந்ததுதான் குழிக்குள்ளும் நடக்கிறது. மூடியைத் திறந்தவுடன் இறங்கியவன் விழுந்துவிடுகிறான். வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றிலும் அப்படியே. அழுகும் சருகைக் கிருமிகள் தின்று, பிராணவாயுவைத் தீர்த்து, கனமான கரியமிலவாயுவை அடியில் நிரப்பிவைக்கின்றன. ஒருவன் இறங்கினான், விழுந்தான்; அவனைத் தூக்க அண்ணன் இறங்கினான், விழுந்தான்; இருவரையும் தூக்க மூன்றாமவன் இறங்கினான். ஊரார் என்ன சொன்னார்கள்? முனி அடித்துவிட்டது என்று சொல்லி ஆடு வெட்டினார்கள். அடித்தது முனியல்ல, காற்றில்லாமை. முனி என்று சொல்லாமலிருந்திருந்தால் இரண்டாமவனும் மூன்றாமவனும் இறங்கியிருக்கமாட்டார்கள்.

இதிலும் கொடியது சாக்கடைக்குழியும் மலத்தொட்டியும். அங்கே பிராணவாயு குறைவதோடு, அழுகலிலிருந்து கந்தகம் கலந்த விஷவாயு ஒன்றும் உண்டாகிறது. அது கொஞ்சமாயிருந்தால் அழுகின முட்டைபோல் நாறும். அதிகமானால் மூக்கின் மோப்பத்தையே கெடுத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நம்பி இறங்கியவன் அடுத்த மூச்சில் விழுவான். பழங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பதுபோல் இங்கே பார்க்கவுங்கூடாது. எரியும் வாயு இருந்தால் வெடித்துவிடும். ஆகவே இந்தக் குழிக்குள் மனிதன் இறங்கவே கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. குழியில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2014-லும், அதை 30 லட்சமாக்கும்படி 2023-லும் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. குழியைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றைத் திருவனந்தபுரத்தில் 2018-லேயே இறக்கிவிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஆட்களை இறக்குகிறார்கள், சாகிறார்கள்.

யார் இறங்குகிறார்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. எந்தத் தெருவிலிருந்து அவர்களைக் கூப்பிடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். செத்தபிறகு, “அவன் விதி முடிந்தது, உயிர் போயிற்று” என்கிறார்கள். தோழர்களே, எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அடுப்புக்குக் காற்றில்லை, அடுப்பு அணைந்தது. காற்றில்லாத இடமென்று தெரிந்தே ஒருவன் அவனை இறக்கினான். விதி என்று சொல்லும்போது அந்த இறக்கினவன் தப்பித்துக்கொள்ளுகிறான். உயிர் ஒரு பொருள் என்னும் கொள்கை யாருக்கு உதவியாயிருக்கிறதென்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

உயிர் மலிவாகுமா?

“உயிரை வெறும் எரிதல் என்று சொல்லிவிட்டால் அதற்கு மதிப்பு ஏது? ஜனங்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள மாட்டார்களா?” என்று பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. நாம் சொல்வது என்னவென்றால், உயிரை மலிவாக்கினது நாமல்ல. இந்தக் கூடு போனால் இன்னொரு கூடு என்று சொன்னவர்கள்தான் மலிவாக்கினார்கள். இந்த ஜன்மத்தில் குழியில் இறங்கு, அடுத்த ஜன்மத்தில் மேலான இடத்தில் பிறப்பாய் என்று சொன்னவர்கள்தான் மலிவாக்கினார்கள். இதயம் நின்று நாலைந்து நிமிஷத்தில் மூளை கெடத் தொடங்குகிறது; கெட்டுப்போன மூளைக்கு இன்னொரு கூடில்லை என்று தெரிந்தவன்தான் அந்த நாலு நிமிஷத்தின் அருமையை அறிவான். தண்ணீரில் மூழ்கி எடுத்த பிள்ளையின் வாயில் வாய்வைத்து ஊதி, மார்பை அமுக்கி, ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புவான். மற்றவன் தேங்காய் உடைக்கப் போவான்.

மனிதன் செத்தபிறகும் அவன் உடம்பில் எல்லா அணுக்களும் ஒரே கணத்தில் வேலையை நிறுத்திவிடுவதில்லை. ஆறுமணி நேரத்துக்குள் எடுத்தால் அவன் விழித்திரைக்கு முன்னுள்ள கருவிழி இன்னொருவருக்குப் பார்வை கொடுக்கும். 1954-ல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் ஒருவருடைய சிறுநீரகத்தை அவரோடு கூடப்பிறந்த இரட்டையருக்கு வைத்துப் பிழைக்கச் செய்தார்கள். பிண்டமாகப் போட்ட சோறு காக்கைக்குத்தான் போகிறது. கொடுத்த கண் மனிதனுக்குப் போகிறது. எது நல்ல தானம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் ஒரு பிடி பயறை முளைகட்டுங்கள். ஒரு சீசாவில் மூடிவையுங்கள். மறுநாள் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு குச்சியை விட்டுப் பாருங்கள். அணைந்தால் ஏன் அணைந்ததென்று பிள்ளைகளையே கேளுங்கள். உங்கள் தெருவில் மலத்தொட்டியைத் திறந்து ஓர் ஆளை இறக்க யாராவது முன்வந்தால், அந்தச் சீசாவை நினைத்துக்கொண்டு குறுக்கே போய் நின்று தடுங்கள்.